வேலிக்கடியில் வந்தது

தார்த்து நகரில் எங்கள் பேட்டைக்குச் சூப்பூர் என்று பெயர்.
உருளைக்கிழங்குத் தெரு, அவரைத் தெரு, பட்டாணித் தெரு.
நாத் என்ற களைக்கு மட்டும் தெருவில்லை.
அது எல்லாத் தெருவிலும் குடியிருக்கிறது,
வாடகை தராமல்.

பதினோரு வருஷம் அதைத் தோண்டினேன்.
வெள்ளை வேர், நூடுல்ஸ் மாதிரி.
நகக்கண் அளவு மிச்சம் வைத்தாலும்
அடுத்த வாரம் மூன்று இலையோடு எழுந்து
'கூப்பிட்டீர்களா?' என்று நிற்கும்.
இரண்டு மண்வெட்டி போயிற்று. ஒரு முழங்கால்.
கறுப்புப் பாய் விரித்து மூடினேன்;
பாயின் ஓரத்தில் வந்து எட்டிப்பார்த்தது.

"உங்கள் களை என் பக்கம் வருகிறது" என்றேன் ஹெல்டூரிடம்.
"உங்களுடையதுதான் என் ருபார்பை நெரிக்கிறது" என்றார்.
நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.
வேலியோரம் நூல் கட்டி,
எந்த வேர் எங்கிருந்து எங்கே போகிறது என்று
படம் வரைந்து தபாலில் அனுப்பினார்,
பத்தடி தூரத்துக்குத் தபால்தலை ஒட்டி.
நான் அதை நாலாக மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தேன்.

போன ஏப்ரல்.
பனி உருகி முற்றமெல்லாம் சேறு.
நிலவறையில் முளைவிட்ட கிழங்கு மூன்று, வெங்காயம் ஒன்று.
ஊர்மஸ் கப்பலில்; சம்பளம் வெள்ளிக்கிழமை.
கடைவரைக்கும் வரமாட்டேன் என்றது முழங்கால்.
கதவைத் திறந்தால், கறுத்த மண்ணில் அங்கங்கே
இன்னும் விரியாத இலை,
எண்ணெய் தடவியது போல் பளபளத்துக்கொண்டு.
கோபத்தில்தான் பறித்தேன்.
ஆய்ந்தபோதும் கோபம்தான்.

கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டதும்
கேரட் தோலும் செலரித் தண்டும் சேர்ந்த ஒரு மணம்.
வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், கிழங்கு,
நடுவில் முட்டை, மேலே புளித்த பாலாடை.
முதல் கரண்டியில் சந்தேகம்.
இரண்டாவதில் பதினோரு வருஷம்.
பிறகு கரண்டியை வைத்துவிட்டுச் சட்டியைத் தூக்கிக் குடித்தேன்.

வேலிக்கு மேல் ஹெல்டூரின் மூக்கு.
"என்ன சமைக்கிறீர்கள், மைமு?"
"நாத்."
"பன்றிக்குப் போடுவதல்லவா?"
நான் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன்.
குடித்தார். யோசித்தார்.
"இது என் பக்கத்திலிருந்து வந்த வேர்" என்றார்.

மேசைக்காலடியிலிருந்து எடுத்துவந்து காட்டினேன்:
நீல மை, அம்புக்குறிகள், அவர் கையெழுத்து.
எல்லா வேரும்
என் வீட்டிலிருந்தே புறப்பட்டிருந்தது.

மறுநாள் கத்தரிக்கோலோடு இறங்கினார்.
நூலுக்கு அந்தப் பக்கம், ஓர் இலைகூடத் தாண்டாமல்.
நான் இந்தப் பக்கம்.
பேச்சு வார்த்தை இல்லை.
மே மாதம் எனக்குப் பித்துப் பிடித்தது.
கையுறை போட்டுக் காஞ்சொறி பறித்து அடை சுட்டேன்,
டேன்டிலயனைத் தின்று துப்பினேன்,
என் கேரட் பாத்தியில் கேரட் இடைஞ்சலாக இருந்தது என்று
நாலைந்தைப் பிடுங்கி எறிந்தேன்.

ஜூனில் நாத் வெள்ளைக் குடை பிடித்துப் பூத்தது.
பூத்தபின் தின்றால் வயிறு கலங்கும்.
எனக்குத் தெரியும்.
அவருக்குத் தெரியாது என்பதும் தெரியும்.
அவர் கூடை நிறையப் பறித்துப் போவதை
ஜன்னலோரம் நின்று பார்த்தேன்,
காய்ந்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தபடி.

இங்கே ஜூனில் இரவு இருட்டாது.
அவருடைய கொல்லைக் கழிப்பறைக் கதவு
பதினொரு மணிக்குக் கிறீச்சிட்டது. ஒன்றுக்கு.
ஒன்றேகாலுக்கு.
பைஜாமாவின் கோடுகள்கூடத் தெரிகிற வெளிச்சம்.

மூன்று மணிக்கு எழுந்து
வயிற்றைக் கட்டும் உலர்ந்த நீலப்பழம் இரண்டு பிடி
ஜாடியில் போட்டு
வேலியோரம் வைத்தேன்.
நூலுக்கு என் பக்கம்.
கை நீட்டித்தான் எடுக்க வேண்டும்.